பன்னிரண்டு பவுனும் ஒரு கைக்கடிகாரமும்

தங்கத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அதன் மேல் பெரிய மயக்கம் இருப்பதில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் கிளைகளில் எழுத்தராகத் தொடங்கி, சென்னைப் புறநகரில் ஒரு தேசியமயமாக்கப்பட்ட வங்கியின் கிளை மேலாளர் நாற்காலி வரை வந்த அந்தப் பெண்மணிக்குப் பணிவாழ்வின் பெரும்பகுதி நகைக்கடன்தான். ஷட்டர் ஏறும் முன்பே வாசலில் பெண்கள் நிற்பார்கள். சுருக்குப்பையிலிருந்து சங்கிலி வெளியே வரும். அப்ரைசர் உரைகல்லில் இழுத்துப் பார்த்து, கல்லுக்கும் அரக்குக்கும் எடை கழித்து, நிகர கிராமை எழுதுவார். பையில் போட்டு முத்திரை வைத்தால் நகை பெட்டகத்துக்குள் போய்விடும். ஜூனில் பள்ளிக்கூடப் பணம் கட்ட ஒரு கூட்டம் வரும், விதைப்புக்கு இன்னொரு கூட்டம். தை பிறந்தால் மீட்பதற்கு வரிசை நிற்கும். சில சங்கிலிகள் அடிக்கடி வந்துபோனதில் சொந்தக்காரியின் முகத்துக்கு முன்பே சங்கிலி அடையாளம் தெரிந்துவிடும் அவருக்கு.

அந்தக் கவுண்ட்டரில் உட்கார்ந்து அவர் கண்ட விஷயம் ஒன்று உண்டு. நகை பெண்ணின் கழுத்தில் கிடக்கிறது, பேச்சுக்கு அவளுடையது. வீட்டில் ஒரு முட்டுப்பாடு வந்தால் முதலில் கழற்றப்படுவதும் அதுதான். மகனின் சீட்டுக்கு, கணவரின் கடைக்கு, மாமியாரின் ஆபரேஷனுக்கு என்று அது போய்க்கொண்டே இருக்கும். நகை மதிப்பில் 75 சதவீதம் வரை கடன் தரலாம் என்பது அன்றைய ரிசர்வ் வங்கி விதி. மீதி 25 சதவீதம் மட்டுமாவது அந்தப் பெண்ணுக்குச் சொந்தமா என்று கேட்டால், அதுவும் சந்தேகம்தான்.

அதனால் 2019இல் ஐம்பதாவது பிறந்தநாள் நெருங்கியபோது, தனக்கென்று வாங்கப்போகும் பொருளுக்கு அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: எந்த வங்கியும் அதன் மேல் கடன் தரக்கூடாது.

ஐம்பது வயதுக்குப் பெண்ணுக்கு நம்மிடம் சடங்கு எதுவும் கிடையாது. அறுபதுக்குத் திருக்கடையூர் இருக்கிறது, ஆனால் அந்த அறுபது கணவருடையது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு முறை தாலி வாங்கிக்கொள்ளலாம். ஐம்பதை எப்படிக் கொண்டாடுவது என்று சொல்லித்தர யாரும் இல்லாததில் ஒரு சௌகரியமும் இருந்தது. முறை தவறிவிட்டது என்று யாரும் குறை சொல்ல முடியாது.

அவர் பிறந்தது 1969 ஜூலை 21, திங்கட்கிழமை, பாளையங்கோட்டையில். அன்று இந்திய நேரப்படி காலை 8.26 மணிக்கு நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தார். சென்னையில் தூர்தர்ஷன் வர இன்னும் ஆறு வருஷம் இருந்ததால் தென்தமிழ்நாட்டில் யாரும் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ வைத்திருந்த டிரான்சிஸ்டரில் அப்பா செய்தி கேட்டாராம். சாயங்காலம் வானத்தில் ஏறக்குறைய பாதி நிலா. பிள்ளைக்கு ‘நிலா’ என்று பேர் வைக்கலாம் என்று அவர் சொன்னதை ஆச்சி ஏற்கவில்லை. குலசாமி பேர்தான் நிலைத்தது.

அந்த வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. அதை அவர் நிலவைவிடப் பெரிதாக நினைப்பார். ஜூலை 19 அன்று இந்திரா காந்தி அரசு, 50 கோடி ரூபாய்க்கு மேல் வைப்பு வைத்திருந்த 14 தனியார் வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியது. வங்கிகள் சின்ன ஊர்களுக்கு வந்ததும், தேர்வெழுதி உள்ளே நுழைய எங்கோ ஒரு பாளையங்கோட்டைப் பெண்ணுக்கு வாசல் திறந்ததும் அதற்குப் பிறகுதான். தன் சோறும் தன் ஜாதகமும் ஒரே வாரத்தில் எழுதப்பட்டன என்று விருந்துகளில் சொல்லிச் சிரிப்பார்.

கடிகாரத்துக்கும் அவருக்கும் பெரிய சொந்தம் எதுவும் இருந்ததில்லை. அப்பாவிடம் ஒரு எச்.எம்.டி. ஜனதா இருந்தது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் தொடங்கிய ஆலையின் சரக்கு. அந்தத் தலைமுறையில் பத்தில் எட்டு வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் கட்டியிருந்தது போலத் தோன்றும். தெருவில் சிங்கப்பூர் போய்வந்த ஒருவர் மட்டும் சீக்கோ ஃபைவ் கட்டியிருந்தார், முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டே பேசுவார். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரம், செயின், வாட்ச் என்பது எழுதாத சட்டம். பொண்ணுக்கும் ஒன்று உண்டு. விரல் நகமளவு முகப்பு, வளையல் மாதிரிப் பட்டை. அதில் மணி பார்ப்பதற்குள் பஸ் போய்விடும். அவரும் ஊர்ப் பெண்களைப் போல முகப்பை உள்மணிக்கட்டில் வைத்துக் கட்டி, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே காலம் தள்ளினார். முதல் சம்பளத்தில் வாங்கியது ஒரு டைட்டன் குவார்ட்ஸ். டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கைகோத்து ஓசூரில் எழுப்பிய ஆலையில் செய்தது. பேட்டரி மாற்றிப் பட்டை மாற்றிப் பல வருஷம் ஓடியது. ஒரு நிமிஷம்கூட ஏமாற்றியதில்லை.

பிறகு ஏன் ஐம்பதுக்கு ஒரு கைக்கடிகாரம், அதுவும் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர்?

வேர் அந்தப் பிறந்தநாள்தான் என்பது எளிதான பதில். மகள் கல்லூரியில் படிக்கும்போது அப்போலோ 13 படத்தை வீட்டில் போட்டுக் காட்டினாள். 1970 ஏப்ரலில் நிலவுக்குப் போன வழியில் ஆக்சிஜன் தொட்டி வெடித்து, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கருவிகளையெல்லாம் அணைத்துவிட்டு மூன்று பேர் திரும்பிய கதை. திரும்பும் பாதையைத் திருத்த எஞ்சினை 14 விநாடி மட்டும் எரிக்க வேண்டியிருந்தது. அந்த 14 விநாடியை எண்ணியது ஜாக் ஸ்விகெர்ட்டின் கையில் இருந்த ஸ்பீட்மாஸ்டர். சாவி கொடுத்து ஓடும் சாதாரண இயந்திரக் கடிகாரம். பணியாளர் பற்றாக்குறையோடு கிளை நடத்துகிறவர்களுக்கு இந்தக் கதை சட்டென்று பிடித்துப்போகும். எல்லா சிஸ்டமும் படுத்த பிறகு, பேனாவும் பேரேடும் வைத்துக்கொண்டு அன்றைய கணக்கை முடித்த நாட்கள் அவர்களுக்கும் உண்டு.

அதன் பின் இரவுகளில் அவர் படித்தது கொஞ்சமில்லை. ஸ்பீட்மாஸ்டர் 1957இல் வந்தபோது கார்ப் பந்தயக்காரர்களுக்கென்று செய்யப்பட்டது. விண்வெளியை யாரும் நினைக்கவே இல்லை. நாசா, கடையில் கிடைக்கும் கடிகாரங்களையே வாங்கிச் சோதித்தது. சுட்டது, உறையவைத்தது, காற்றில்லாப் பெட்டியில் அடைத்தது, 40 ஜி விசையில் உலுக்கியது. ஒமேகாவோடு ரோலெக்ஸும் லாஞ்சின்ஸும் போட்டியில் இருந்தன. கடைசியில் நின்றது இது மட்டும்தான். 1965 மார்ச் 1 அன்று ‘பறக்கத் தகுதி’ கிடைத்தது. சுவாரஸ்யம் என்னவென்றால், நிலவில் முதல் அடி வைத்த ஆம்ஸ்ட்ராங்கின் கையில் அது இல்லை. இறங்குகலத்தின் மின்னணுக் கடிகாரம் பழுதானதால் தன்னுடையதைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு இறங்கினார். சுமார் இருபது நிமிஷம் கழித்து இறங்கிய பஸ் ஆல்ட்ரினின் கையில் கட்டியிருந்ததுதான் நிலவைத் தொட்டது. அந்த ஆல்ட்ரின் கடிகாரம் பின்னாளில் அருங்காட்சியகத்துக்கு அனுப்பும் வழியில் காணாமல் போனது, இன்றுவரை அகப்படவில்லை. கூரியர் விட்டுப்போன தபாலுக்காக ஒரு வாரம் அலைந்தவர்கள் ஆறுதல்பட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் விஷயத்தை அவர் சொன்னது ஜூன் கடைசியில். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்த கணவர், “உன் காசு, உன் இஷ்டம்” என்றார். தமிழ்க் குடும்பங்களில் இதற்கு எதிர்ப்பு என்றுதான் அர்த்தம். ஊரிலிருந்து அக்கா போனில் வந்தாள்.

“ஏட்டி, எவ்வளவு சொன்ன?”

“மூன்றரை லட்சத்துக்கு மேல வரும்க்கா.”

அக்கா கணக்குக்குக் கால்குலேட்டர் வேண்டாம். அன்று பவுன் 26,000 ரூபாயை ஒட்டி இருந்தது. செய்கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்தாலும் பன்னிரண்டு பவுன் வரும். “பன்னெண்டு பவுனைக் கையில கட்டிட்டு கேஷ் கவுண்ட்டர்ல உக்காரப் போறியாக்கும்? பொம்பளப் பிள்ள ஒண்ணு வச்சிருக்க, நெனப்பிருக்கா?” இதோடு ஆடி மாதம் வேறு. ஆடியில் நல்ல பொருள் வாங்கக்கூடாது என்பது ஒரு வாதம். அப்படி வாங்கினாலும் தள்ளுபடியில்தானே வாங்க வேண்டும் என்பது அதே மூச்சில் வந்த இன்னொரு வாதம். சுவிஸ் கடிகாரத்துக்கு ஆடித் தள்ளுபடி கிடையாது என்று கேட்டதும் அக்காவுக்கு அந்த நிறுவனத்தின் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று.

ஜூலை 5 அன்று வந்த மத்திய பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரி 10 சதவீதத்திலிருந்து 12.5 ஆனது. விலை ஏறும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அக்கா மறுபடி அழைத்தாள். இப்போதாவது புத்தி வரட்டும் என்ற தொனி. வட்டிக் கணக்கில் அக்கா சொன்னது சரிதான். இதை மறைத்து எழுதுவதில் நியாயம் இல்லை. ஆனால் எதை வாங்கினால் விலை ஏறும் என்ற கேள்விக்கே அவர் பதில் தேடவில்லை. ஏறும் பொருளுக்கு வீட்டில் எல்லோரும் பங்காளி. பணமும் பொது நிதியிலிருந்து எடுத்ததல்ல. இதற்கென்றே மாதாமாதம் ஒரு தொடர் வைப்பில் போட்டுவந்திருந்தார், அதுவும் தன் வங்கியிலேயே.

சென்னையில் பெரிய வணிக வளாகங்களில் இத்தகைய கடைகளின் வாசலில் கூட்டமே இருக்காது. கண்ணாடிக் கதவு, குளிர், கம்பளம், யாரும் சத்தமாகப் பேசாத ஒரு ஆஸ்பத்திரித்தனம். பருத்திப் புடவையில் போன அவரை விற்பனைப் பையன் மரியாதையாகவே உட்காரவைத்தான். ஆனால் எடுத்துவந்த தட்டில் இருந்ததெல்லாம் முத்துச்சிப்பி முகப்பும் பொடி வைரமும் பதித்த சின்னச் சின்ன உருப்படிகள். ஸ்பீட்மாஸ்டர் புரொஃபெஷனல் என்று சொன்னதும், “சாருக்கா மேடம்?” என்று கேட்டான். எனக்குத்தான் என்றார். 42 மில்லிமீட்டர் மேடம், பெரிதாகத் தெரியும் என்று தயங்கினான். முப்பது வருஷம் உற்றுப் பார்த்துக் கண்ணாடி நம்பர் ஏறியதுதான் மிச்சம், பெரிதாகத் தெரியட்டும் என்றார் அவர். பையன் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் பேசியதெல்லாம் நல்ல பேச்சு. தொழில் தெரிந்தவன்.

அந்த வருஷம் நிலவுப் பயணத்தின் பொன்விழாவுக்கென்று ஒமேகா ஒரு சிறப்புப் பதிப்பு விட்டிருந்தது. எஃகு உடல், பொன் வளையம், மொத்தம் 6,969 மட்டும். முழுத் தங்கத்தில் 1,014. பையன் எஃகுப் பதிப்பின் படத்தைக் காட்டினான். ஐம்பதுக்கு ஐம்பது, பொருத்தமாக இருக்குமே என்றான். விலையும் அவருடைய வைப்பைத் தாண்டியது. அதைவிடப் பெரிய காரணம், அதில் தங்கம் இருந்தது. வேண்டாம் என்றார்.

கடைசியில் மேசைக்கு வந்தது சாதாரணப் பதிப்பு. கறுப்பு முகப்பு, வெள்ளை முட்கள், மூன்று குட்டி வட்டங்கள். மேலே நீலக்கல் கண்ணாடி இல்லை, ஹெசலைட் என்கிற பிளாஸ்டிக். கண்ணாடி உடைந்தால் எடையற்ற வெளியில் சில்லுகள் மிதந்து கண்ணில் போகும், பிளாஸ்டிக் உடைந்தாலும் சிதறாது என்பது அதன் வாதம். கீறல் விழும், பசை போட்டுத் தேய்த்தால் போய்விடும். பூதக்கண்ணாடி வைத்தால் நடுவில் துளியூண்டு ஒமேகா குறி தெரியும். உள்ளே இருந்த 1861 என்ற இயந்திரம், 1968இல் வந்த 861இன் நேர் வாரிசு. அவரைவிட ஒரு வயது மூத்த வடிவமைப்பு. மணிக்கு 21,600 துடிப்பு. தினமும் கையால் சாவி கொடுக்க வேண்டும், கொடுத்தால் 48 மணி நேரம் ஓடும். துல்லியச் சான்றிதழ்கூட அந்த எஞ்சினுக்குக் கிடையாது. நாளுக்குச் சில விநாடி முன்னே பின்னே போவது அதன் சுபாவம். பஸ் நிலையத்துப் பிளாட்பாரத்தில் இருநூறு ரூபாய்க்கு விற்கும் குவார்ட்ஸ் இதைவிடச் சரியாக மணி காட்டும். ஆடம்பரக் கடிகாரத்தைப் பற்றி விளம்பரங்கள் சொல்லாமல் விடும் முதல் உண்மை இதுதான். மணி பார்ப்பதற்காக யாரும் இதை வாங்குவதில்லை.

பில் போடும்போது பான் எண் கேட்டார்கள், இரண்டு லட்சத்துக்கு மேல் என்பதால். நகைக்கு 3 சதவீதம் ஜி.எஸ்.டி., கைக்கடிகாரத்துக்கு 18. வரிக்காரர்களும் அக்கா கட்சி என்று தெரிந்தது.

திங்கட்கிழமை, பிறந்தநாளுக்கு மறுநாள், அதைக் கட்டிக்கொண்டுதான் கிளைக்குப் போனார். அன்று மதியம் 2.43க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-2 புறப்பட்டது. ஒரு வாரம் முன்பு, 15ஆம் தேதி அதிகாலை, ஏவுவதற்கு 56 நிமிஷம் இருக்கையில் நிறுத்தப்பட்ட அதே ராக்கெட். கேன்டீன் டி.வி.யில் சாப்பாட்டு இடைவேளையை இழுத்தடித்து எல்லோரும் பார்த்தார்கள். அப்போதைய இஸ்ரோ தலைவர் கே. சிவன் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். திட்ட இயக்குநர் எம். வனிதா சென்னையில் வளர்ந்தவர், இஸ்ரோவின் கோள்பயணத் திட்டம் ஒன்றுக்குத் திட்ட இயக்குநரான முதல் பெண். புதுக் கடிகாரத்தை முதலில் கவனித்தது அப்ரைசர். கழற்றி வாங்கினார். பழக்க தோஷத்தில் உள்ளங்கையில் எடை பார்த்தார், திருப்பினார்.

“ஸ்டீலா மேடம்?”

“ஸ்டீல்தான்.”

“ஓ” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு உரைகல் பக்கம் போய்விட்டார். அந்த ஒரு எழுத்தை மேலாளர் இன்றும் ரசித்துச் சொல்வார். அவர் தேடியது சரியாக அந்த ‘ஓ’வைத்தான்.

ஸ்டாப்வாட்சை முதல்முறையாக ஒரு காரியத்துக்குப் பயன்படுத்தியது செப்டம்பர் 7 அதிகாலை. சந்திரயான்-2இன் விக்ரம் இறங்குகலம் நிலவை நோக்கி 1.38க்கு வேகம் குறைக்கத் தொடங்கியதும் மேல் பொத்தானை அழுத்தினார். சுமார் பதினைந்து நிமிஷம் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று மணிப் பக்கத்து வட்டத்தில் நிமிஷ முள் பதினைந்தைத் தாண்டியது. கட்டுப்பாட்டு அறையில் யாரும் கைதட்டவில்லை. நிலத்துக்கு 2.1 கிலோமீட்டர் உயரத்தில் தொடர்பு அறுந்துவிட்டது என்று அறிவித்தபோதும் முள் ஓடிக்கொண்டிருந்தது. கணவர்தான், “அதை நிறுத்து” என்றார். 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 இறங்கியபோது அதே பொத்தான், அதே சோபா. இந்த முறை திட்ட இயக்குநர் விழுப்புரத்து பி. வீரமுத்துவேல். ஐந்தே முக்காலை ஒட்டித் தொடங்கிய இறக்கம் ஆறு மணி நான்கு நிமிஷத்துக்கு முடிந்தது. சுமார் இருபது நிமிஷம். கணவர் தன் போனிலும் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தார். இரண்டும் ஒத்துப்போகவில்லை, யார் முதலில் அழுத்தியது என்பதில் வழக்கு இன்னும் தீரவில்லை.

நடுவில் கொரோனா. வங்கி அத்தியாவசியச் சேவை, மூட முடியாது. வேலை போனவர்கள், கடை மூடியவர்கள் என்று நகைக்கடன் வரிசை முன்னெப்போதும் இல்லாத நீளம். 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி 75 சதவீதத்தைத் தற்காலிகமாக 90 ஆக்கியது. அந்தச் சமயத்தில்தான் பவுன் 40,000த்தைத் தாண்டியது. அக்கா அழைத்து, “பாத்தியாட்டி?” என்று மட்டும் கேட்டாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் கழற்றிக் கொடுத்ததை முகக்கவசத்தோடு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலர் தாலிக்கொடியை எடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு வந்தார்கள். சானிடைசரும் பெட்டகத்தின் இரும்புக் கதவும் சேர்ந்து ஹெசலைட்டில் போட்ட கீறல்கள் அந்தக் காலத்தவை. தேய்த்தால் போகும் என்று தெரிந்தும் அவர் இன்னும் தேய்க்கவில்லை.

கணவருக்கு 2024இல் அறுபது. திருக்கடையூர், மேளம், ஆயுள் ஹோமம் எல்லாம் முறைப்படி நடந்தது. அவருக்கும் நல்ல கடிகாரம் ஒன்று வாங்கித் தருவதாக மனைவி சொன்னார். கணவர் யோசித்துவிட்டுப் பத்தாயிரத்துக்குள் ஒரு டைட்டன் போதும் என்றார். மாதக்கணக்கில் விநாடி பிசகாத குவார்ட்ஸ் அது. காலையில் மனைவி சாவி கொடுத்து மணி திருத்துவது அந்தக் குவார்ட்ஸைப் பார்த்துத்தான் என்பதைக் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

சுவிஸ் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தால் மட்டும் போதாது. சில வருஷத்துக்கு ஒருமுறை முழுக்கக் கழற்றி, சுத்தம் செய்து, எண்ணெய் இட்டுப் பூட்ட வேண்டும். அந்தச் செலவில் ஒரு புது டைட்டனும் மிச்சமும் வாங்கலாம். சர்வீஸுக்குக் கொடுத்த வாரங்களில் வெறுங்கையோடு இருக்க முடியாமல் கணவரின் டைட்டனைக் கட்டிக்கொண்டு போனார். 2025 இறுதியில் பவுன் 90,000த்தைத் தாண்டியபோது அக்காவின் போன் வந்தது. பன்னிரண்டைப் பெருக்கிச் சொல்லப்போகிறாள் என்று அவர் தயாராக இருந்தார். அக்கா அதைச் சொன்னாள், விடவில்லை. சொல்லிவிட்டு, தன் நகை முழுக்க மகனின் வீட்டுக் கடனுக்கு முன்பணமாகப் போய்விட்டதையும் சொன்னாள். பிறகு கொஞ்சம் சுற்றிவளைத்துக் கேட்டாள்:

“அந்தக் கடையில பெரிய விலை இல்லாம எதும் இருக்குமாட்டி? எனக்குன்னு ஒண்ணு. சின்னதா, தங்கக் கலர்ல.”